உள்ளே துணி விடாமல் தைத்த சட்டை

கிட்டே வந்து உட்காருங்கள், என் கண்ணுகளா. கதவோரம் நிற்கிறவளையும் உள்ளே கூப்பிடுங்கள்; இது கத்திச் சொல்கிற கதை இல்லை. ஒரு வீட்டுக்குள் சந்தேகம் வந்து குடியேறின கதை. சந்தேகம் என்ன, கதவைத் தட்டிவிட்டா வரும்? தைத்த துணியில் மறந்துபோன குண்டூசி மாதிரி அது பாட்டுக்கு உள்ளே கிடக்கும். உட்காரும்போதுதான் சுருக்கென்று தெரியும். முழுசாகச் சொல்கிறேன், நடுவில் யாரும் எழுந்து போகக் கூடாது.

ஒரு தெருவில் ஒரு தையல் கடை. முன்னறை கடை, பின்னால் வீடு. மனைவி தைப்பாள், கணவன் இஸ்திரி போடுவான். ஆஸ்பத்திரி நர்சுகளின் வெள்ளைக் கோட்டு, ஓட்டல் ஆட்களின் சட்டை, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சீருடை எல்லாம் அந்தக் கடைதான். தையல்காரிக்குக் கண்ணே டேப்பு. ஆள் வாசற்படி ஏறும்போதே, "போன தடவைக்கு இந்தத் தடவை ஒரு சுற்று கூடியிருக்கீங்களே" என்பாள். அளந்து பார்த்தால் அந்த ஒரு சுற்று அப்படியே இருக்கும்.

ஊருக்கெல்லாம் அளவெடுத்தவள் தனக்கு மட்டும் எடுத்ததில்லை. கடை திறந்த புதிதில் தனக்கென்று ஒரு பழுப்புக் காகிதத்தில் அளவு வெட்டி ஆணியில் மாட்டினாள். அன்றிலிருந்து அவளுடைய சட்டை எல்லாமே அந்தக் காகிதத்தின் பிள்ளைகள். "நான் கல்யாணத்துல இருந்த மாதிரியே இருக்கேன், அந்தக் காகிதம்தான் சாட்சி" என்று கணவனிடம் பெருமை அடித்துக்கொள்வாள்.

அந்த வீட்டுக்குக் கணவனின் அக்கா வந்து சேர்ந்தாள். புருஷனைப் பறிகொடுத்தவள், பிள்ளை கிடையாது. தையல்காரி அவளை அண்ணி என்றுதான் கூப்பிடுவாள். அண்ணி நல்ல எலும்பு கனத்த உடம்பு, இடதுகைப் பழக்கம், வாய் திறந்தால் காசு கேட்பார்களோ என்கிற மாதிரி அமைதி. பொத்தான் வைப்பாள், பொத்தான் நுழைகிற துளைக்குக் காஜா எடுப்பாள், மடிப்பு தைப்பாள். முதல் கொஞ்ச மாதம் நன்றாகத்தான் போயிற்று.

ஒருநாள் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்த தையல்காரியின் விரல், தன் சட்டையின் பக்கத் தையலில் வந்து நின்றது. உள்புறத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

அது அவள் போட்ட தையல் இல்லை.

உங்களுக்கும் எனக்கும் தையல் என்றால் எல்லாம் ஒன்றுதான். தைக்கிறவளுக்கு அது கையெழுத்து. இவள் கோடு முடிகிற இடத்தில் மெஷினைப் பின்னால் ஓட்டிப் பூட்டுவாள். இங்கே நூலைக் கையால் முடிச்சுப் போட்டிருந்தது. அக்குளில் கைத்தையல். இவள் தையல் வலப்பக்கம் சாயும். அது இடப்பக்கம் சாய்ந்திருந்தது. பழைய தையல் இருந்த இடத்தில் ஊசி ஓட்டைகள் மட்டும் எறும்பு போன தடம் மாதிரி வரிசையாகத் தெரிந்தன. தையலுக்கு உள்ளே கொஞ்சம் துணியை எப்போதும் விட்டுவைப்பார்கள், பின்னால் தேவைப்பட்டால் பிரித்து அகலமாக்க. அந்தத் துணியை யாரோ எடுத்து, சட்டையைப் பெரிசாக்கியிருந்தார்கள்.

பெட்டியைக் கவிழ்த்தாள். ஒரு சட்டை இல்லை, எல்லாச் சட்டையும் அப்படி.

சட்டையைப் பெரிசாக்குகிறவள் யார்? அந்தச் சட்டை பற்றாதவள். இந்த வீட்டில் என்னைவிடப் பெரிய உடம்புக்காரி யார்? இடது கையால் தைக்கிறவள் யார்? கணக்கு நொடியில் முடிந்தது. அண்ணி தன் சட்டையைத் திருட்டுத்தனமாகப் போட்டுப் பார்க்கிறாள்! இன்று சட்டை, நாளைக்கு மெஷின், நாளை மறுநாள் கடை.

கேட்கலாம்தானே என்பீர்கள். கேட்டிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். சந்தேகம் பிடித்தவள் கேட்க மாட்டாள், கவனிப்பாள்.

கவனிக்க ஆரம்பித்ததும் எல்லாமே கண்ணில் பட்டது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சும்மாவா சொன்னார்கள்? சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தது. அண்ணி போட்டுத் தருகிற டீயில் என்னவோ கலந்திருக்கிறது. யாருக்கும் குளிராத நாளில் அவளுக்கு மட்டும் விரல் விறைத்தது. வேண்டுமென்றே சன்னலைத் திறந்து விடுகிறார்கள். ஓட்டல்காரர் சட்டைக்கு இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டி வைத்திருந்தாள். அளவுக் காகிதத்தை யாரோ திருப்பிப் போட்டிருக்கிறார்கள். பகலில் கண்ணை மூடாதவளுக்கு இப்போது சாப்பிட்டதும் தூக்கம் கல்லைக் கட்டி இழுத்தது. எழுந்தால் முகம் உப்பியிருந்தது. டீ! அந்த டீதான்!

குரல் வேறு கரகரத்துவிட்டது. போனில் ஒரு வாடிக்கையாளர், "சார், கொஞ்சம் அந்த அம்மாகிட்ட போனைக் குடுங்க" என்றார்.

"நான்தாங்க அந்த அம்மா."

"அட, வெளையாடாதீங்க சார்."

இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தபடி கணவன் சிரித்தான். அண்ணியும் தலையைக் குனிந்து சிரித்தாள். இரண்டு பேரும் கண்ணால் பேசிக்கொள்வதை அவள் பார்த்துவிட்டாள்.

அடுப்படியில் அக்காவும் தம்பியும் குசுகுசுவென்று பேசுவார்கள். இவள் காலடி கேட்டதும் பேச்சு நின்றுவிடும்.

"என்ன பேசிட்டிருந்தீங்க?"

"ஒண்ணுமில்ல. சர்க்கரை தீந்துபோச்சுன்னு அக்கா சொல்லுச்சு."

டப்பாவைத் திறந்து பார்த்தாள். முக்கால் டப்பா சர்க்கரை இருந்தது.

போதாக்குறைக்கு, அண்ணி வாரத்தில் ஒரு நாள் பையை எடுத்துக்கொண்டு எங்கேயோ போய்விட்டு வந்தாள். எங்கே என்றால், "சும்மா, கொஞ்சம் வேல" என்பாள். பை போகும்போதும் காலி, வரும்போதும் காலி. வெறும் பையைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்ற என்ன வேலை?

இதற்கெல்லாம் மேலே வந்தது ஒரு நர்சம்மாவின் பேச்சு. கோட்டு வாங்க வந்த நர்சம்மா, அவள் முகத்தையும் கழுத்தையும் ஒரு தினுசாகப் பார்த்தாள். "உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்றாள். "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்றாள் தையல்காரி. நர்சம்மா கோட்டை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள். அங்கே அண்ணி நின்றிருந்தாள். மெஷினை ஓட்டுகிற மாதிரி காலை ஆட்டிக்கொண்டே தையல்காரி காதைத் தீட்டினாள்.

"எப்படியாவது கூட்டிட்டு வந்துடுங்க. விட்டுடாதீங்க."

"வர மாட்டாம்மா. கோவம் மூக்கு மேல நிக்குது."

"நைசா சொல்லிக் கூட்டிட்டு வாங்க. நான் டாக்டர்கிட்ட சொல்லி வைக்கிறேன்."

ஊசியில் நூல் அறுந்தது. கால் நின்றுவிட்டது.

ஏன் தெரியுமா? அவளுக்கு ஒரு சித்தி இருந்தாள். நல்லாயிருந்தவள் திடீரென்று மந்தமானாள். வீங்கினாள், பேச்சு குழறிற்று, வீட்டில் இருக்கிறவர்களே தன்னைக் கொல்லப் பார்க்கிறார்கள் என்று அழுதாள். "பைத்தியம்" என்று ஒரு சொல்லைச் சொல்லிப் பின்னறையில் வைத்துக் கதவைச் சாத்தினார்கள். அந்தக் கதவுக்கு வெளியே நின்று தட்டைத் தள்ளிவிட்டு ஓடிவந்த சின்னப் பெண் இந்தத் தையல்காரிதான். இப்போது தனக்கும் ஒரு பின்னறை தயாராகிறது என்று அவள் நினைத்தாள். என்னைப் பைத்தியம் என்று எழுதி வாங்கிக்கொண்டு, மெஷினில் அண்ணி உட்காரப் போகிறாள்.

அன்றைக்கே கணவனின் அண்ணனுக்குப் போன் போட்டாள். குடும்பத்தில் எல்லோரும் பெரியவர் என்று கூப்பிடுகிற ஆள். தீர்ப்புச் சொல்ல ஆசை, கேட்கப் பொறுமை கிடையாது. "ஞாயித்துக்கிழமை வாங்க மாமா. உங்க தங்கச்சியை உங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. ஏன்னு நேர்ல காட்டுறேன்."

காட்ட ஒரு சாட்சி வேண்டுமே. அதற்கு அவள் வைத்த பொறி இருக்கிறதே, தைக்கிறவள் புத்திக்கு மட்டும்தான் எட்டும். ஆணியிலிருந்த காகிதத்தை எடுத்தாள். நல்ல நீலத் துணியில் அதே அளவுக்கு ஒரு சட்டை வெட்டினாள். ஆனால் தையலுக்கு உள்ளே ஒரு நூல் அகலம்கூட அதிகத் துணி விடவில்லை. பிரித்தாலும் பெரிசாக்க முடியாது. யாராவது பெரிய உடம்புக்காரி இதில் கையை நுழைத்தால் சட்டை அங்கேயே வாயைப் பிளந்து அவளைக் காட்டிக்கொடுத்துவிடும். தைத்து முடித்து, கதவுக்குப் பின்னால், கண்ணில் படுகிற மாதிரி மாட்டி வைத்தாள்.

அண்ணி அதைப் பார்த்தாள். எடுத்துத் திருப்பி, உள்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். முகம் வெளுத்துப்போயிற்று. இவள் சந்திலிருந்து அதைக் கவனித்து, "மாட்டினியா!" என்று மனதுக்குள் கைதட்டினாள்.

ஆனால் ஞாயிறு வரைக்கும் சட்டை கிழியவில்லை.

பெரியவர் வந்தார். உட்கார்ந்த நாற்காலி முனகியது. "என்ன பஞ்சாயத்து? சீக்கிரம் சொல்லுங்க, எனக்கு மதியம் ஒரு கல்யாணப் பேச்சு இருக்கு" என்றார்.

"இருங்க மாமா, சாட்சியோட வரேன்" என்று தையல்காரி உள்ளே போனாள். புதுச் சட்டை அவள் உடம்பில் கச்சிதமாக உட்கார வேண்டும். பழைய சட்டைகள் எப்படித் தொளதொளக்கின்றன என்று பக்கத்தில் பிடித்துக் காட்ட வேண்டும். இதுதான் திட்டம். வலது கையை நுழைத்தாள். முழங்கைக்கு மேலே ஏற மறுத்தது. துவைக்காத துணி, விறைப்பு என்று நினைத்து இழுத்தாள். இடது கையையும் திணித்தாள். பொத்தானும் காஜாவும் ஆற்றின் இரண்டு கரை மாதிரி எதிரும் புதிருமாக நின்றன. மூச்சை இழுத்து ஒரே ஒரு பொத்தானை மட்டும் மாட்டிக்கொண்டு, வேகமாக முன்னறைக்கு வந்தாள்.

"இதோ பாருங்க மாமா, இதுதான் என் அள..."

சர்ர்ரென்று முதுகு கிழிந்தது.

பெரியவர்கூட வாயை மூடிக்கொண்டார். அது அந்தக் குடும்பத்தில் யாரும் பார்த்திராத காட்சி. முன்னே இருந்த ஆளுயரக் கண்ணாடியில் தையல்காரி தன்னைப் பார்த்தாள். வாடிக்கையாளர்களுக்கென்று வைத்த கண்ணாடி அது. அதில் நின்றது வாசற்படி ஏறி வந்த யாரோ ஒருத்தி. வீங்கின இமை, உப்பின கன்னம், தடித்த கழுத்து. வாடிக்கையாளராக இருந்தால், "ரெண்டு சுற்று கூடியிருக்கீங்களே" என்று சொல்லியிருப்பாள். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். அவளுக்கோ முகமே தெரியாமல் இருந்திருக்கிறது.

அண்ணி ஓடிவந்து ஒரு துண்டை எடுத்து அவள் முதுகை மூடினாள். "வேணாம்மா, வேணாம். நான்தான். எல்லாத்தையும் நான்தான் பிரிச்சேன்" என்றாள்.

"எதுக்கு?"

கணவன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். "நான்தான் பிரிக்கச் சொன்னேன். அக்காவைத் திட்டாத. நீ மறந்துட்டியா? அந்தப் பள்ளிக்கூட டீச்சரம்மா உன்னைப் பாத்து 'என்ன, ஊதிட்டே போற'ன்னு சொன்னாங்களே. அன்னைக்குப் பூரா அழுதே. அப்புறம் பாதிச் சாப்பாட்டைத் தள்ளி வெச்சே. கத்தரியும் கையுமா மெஷின் மேல மயங்கி விழுந்தே. சட்டை சரியா இருந்தா சாப்பிடுவேன்னு..."

அவளுக்கு நினைவு வந்தது. சட்டை இறுகியது, பட்டினி கிடந்தது, பிறகு சட்டை தளர்ந்தது, "இளைத்துவிட்டேன்" என்று நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தது. அவள் இளைக்கவே இல்லை. மதியம் அவள் தூங்குகிற நேரத்தில் சட்டை வளர்ந்துகொண்டே வந்திருக்கிறது.

"நல்லா இருக்குடா உங்க பாசம்!" என்று அவள் வெடித்தாள். "சாப்பிட்டாலும் ஊதுறேன், சாப்பிடலைன்னாலும் ஊதுறேன். ஏன்னு பாக்க வேணாமா? என் உடம்பு எனக்குச் சொல்ல வந்ததைப் பிரிச்சுப் பிரிச்சு வாயை அடைச்சுட்டீங்களே. சட்டை இறுகியிருந்தா நானே என்னன்னு கேட்டிருப்பேனே!"

அவள் சொன்னதில் பொய் இல்லை.

"அந்த நர்சம்மாகிட்ட என்ன பேசினீங்க? என்னை எங்க கொண்டுபோய் அடைக்கப் பாக்குறீங்க?"

"அடைக்கிறதா?" அண்ணி திகைத்தாள். "ரத்தம் குடுத்துப் பாக்கச் சொன்னாங்கம்மா. கழுத்துக்குள்ள ஒரு சுரப்பி இருக்காமே, தைராய்டுன்னு. அது மந்தமானா இப்படியெல்லாம் ஆகுமாம். குளிரு, தூக்கம், முடி கொட்டுறது, குரல் மாறுறது. உன்னைப் பாத்ததுமே சந்தேகமா இருக்குன்னாங்க."

"அந்த நர்சம்மாவை உங்களுக்கு எப்படித் தெரியும்? வாரா வாரம் காலிப் பையோட எங்க போறீங்க?"

அண்ணி தன் அண்ணனை ஒரு தடவை பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். "மனசு டாக்டர்கிட்ட."

"என்னது?" என்று பெரியவர் எழுந்தார். "நம்ம குடும்பத்துலயா?"

"இதுக்குத்தான் சொல்லல" என்றாள் அண்ணி, இன்னும் தரையைப் பார்த்தபடி. "அவர் போனதுக்கப்புறம் எனக்கு எழுந்திரிக்கவே பிடிக்கல. பல்லு தேய்க்கக்கூட மலையா இருந்துச்சு. தொலைஞ்சுபோயிடலாம்னு தோணுச்சு. அந்த நர்சம்மாதான் கூட்டிட்டுப் போனாங்க. அங்க ஒரு அம்மா, நான் பேசுறதைக் கேப்பாங்க. அவ்வளவுதான். பையை ஏன் எடுத்துட்டுப் போறேன்னா, கடைக்குப் போறாப்ல இருக்கட்டும்னு."

"மாமா, உக்காருங்க" என்றாள் தையல்காரி. குரல் கரகரவென்று ஆண்குரல் மாதிரியே வந்தது. பெரியவர் உட்கார்ந்துவிட்டார்.

அவளுக்கு உடனே நம்பிக்கை வந்துவிடவில்லை, கண்ணுகளா. கதையில்தான் ஒரு வார்த்தையில் சந்தேகம் கரையும். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதுகூட, எந்த வாசல், எந்த அறை, கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் உண்டா என்று அவள் கண் தேடிக்கொண்டேதான் போயிற்று. டாக்டரம்மா கழுத்தைத் தடவினாள், நாடி பார்த்தாள், ரத்தம் எடுக்கச் சொன்னாள். முடிவு வந்த அன்று நர்சம்மா சொன்னதுதான் சரி என்றாயிற்று.

"காலையில வெறும் வயித்துல தண்ணியோட ஒரு மாத்திரை. போட்டதும் உடனே டீ குடிக்கக் கூடாது, கொஞ்ச நேரம் போகட்டும்" என்றாள் டாக்டரம்மா. "நாளைக்கே சரியாயிடாது. வாரக்கணக்காகும். திரும்ப ரத்தம் பாத்து அளவைக் கூட்டுவோம், குறைப்போம். நீங்களா நிறுத்தக் கூடாது. இதுல உங்க தப்பும் இல்ல, உங்க வாயோட தப்பும் இல்ல. பட்டினி கிடந்து தீர்ற வியாதியும் இல்ல."

தையல்காரி நகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "வீட்டு ஆளுங்க மேலேயே சந்தேகம் வருதே, அதுவும் இதனாலதானா?"

"சில பேருக்கு மனசையும் சேத்துத்தான் இழுக்கும். சோர்வு, மறதி, அழுகை, அப்புறம் இதுவும். மாத்திரை ஏற ஏற எப்படி இருக்குன்னு பாப்போம். அப்பவும் போகலைன்னா அதுக்கும் டாக்டர் இருக்காங்க. சொல்லாம மட்டும் இருக்காதீங்க."

"அதுக்குப் பேரு பைத்தியம்தானே?"

"காய்ச்சலுக்குக் காய்ச்சல்னுதானே சொல்றோம்? இதுக்கும் அதோட பேரைச் சொல்லுவோம். அந்த வார்த்தை எதுக்கு?"

வெளியே வந்து ஆஸ்பத்திரித் திண்டில் உட்கார்ந்து அவள் அழுதாள். தனக்காக இல்லை. சித்தி கழுத்தை யாரும் தடவிப் பார்க்கவில்லை, ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை. சித்திக்கும் இதேதானா, வேறு ஏதாவதா, இனி யாருக்குத் தெரியும்? அண்ணி காலிப் பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பெரியவர் போன் போட்டு, "தங்கச்சியைக் கூட்டிட்டு வரட்டுமா, வேண்டாமா? ஒரு முடிவாச் சொல்லுங்கப்பா" என்றார்.

"அவங்க போனா காஜா யாரு எடுப்பா?" என்றாள் தையல்காரி. அவளுக்கு மன்னிப்பு அப்படித்தான் கேட்க வரும்.

குளிர் முதலில் விட்டது. பிறகு மதியத் தூக்கம். அதற்குப் பிறகு குரல் திரும்பியது. அந்த வாடிக்கையாளர் போன் போட்டு, "அம்மா, போன தடவை உங்க வீட்டுக்காரர் ரொம்பக் கிண்டல் பண்ணாரு" என்று புகார் செய்தார். உடம்பு கொஞ்சம் வற்றியது, எல்லாம் வற்றவில்லை. கல்யாணத்தில் இருந்த மாதிரி இனி ஆகப் போவதும் இல்லை. சந்தேகமும் அப்படியே: பெரும்பங்கு போயிற்று, ஓரத்தில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. டீயை வாங்கி ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பாள். அண்ணிக்கும் அது தெரியும். "விஷம் இன்னைக்குக் கொஞ்சம் கம்மியாத்தான் போட்டேன், இருக்கிறது தீர்ந்துபோச்சு" என்பாள். அமைதியான அண்ணிக்கு இப்படி ஒரு வாய் இருந்தது அந்த வீட்டுக்கே அப்போதுதான் தெரிந்தது. வாரத்தில் ஒரு நாள் இப்போது பை இல்லாமலே போனாள். "எங்க கிளம்பிட்டீங்க?" என்று தெருவில் கேட்டால், "மனசு டாக்டர்கிட்ட" என்று சொல்லிவிட்டே நடந்தாள்.

ஒருநாள் தையல்காரி ஆணியிலிருந்த பழைய காகிதத்தை எடுத்தாள். ஒரு பார்வை பார்த்து, சுருட்டி அலமாரியின் மேலே வைத்தாள். டேப்பை அண்ணியிடம் நீட்டினாள். அந்த டேப்பை இதுவரை அவள் யார் கையிலும் கொடுத்ததில்லை.

"எடுங்க, அண்ணி. இருக்கிறதை இருக்கிறபடி சொல்லணும். எனக்காக ஒரு நூல்கூடக் குறைக்கக் கூடாது."

அண்ணி இடது கையால் டேப்பைச் சுற்றினாள். அளவை உரக்கச் சொன்னாள். தையல்காரி அதைக் கேட்டு முகத்தைச் சுளித்தாள். "இன்னொரு தடவை எடுங்க" என்றாள். அண்ணி எடுத்தாள். அதே அளவுதான். புதுக் காகிதத்தில் சாக்குக்கட்டி கோடு போட்டது. இந்தத் தடவை தாராளமாக உள்ளே துணி விட்டுத்தான் சட்டையை வெட்டினாள்.

அவ்வளவுதான் கண்ணுகளா, கதை. போய்ப் படுங்கள். உங்கள் வீட்டில் டீ சூடாக இருக்கட்டும், அதை மோந்து பார்க்க வேண்டிய நிலை யாருக்கும் வராமல் இருக்கட்டும். உடம்பு முடியவில்லை என்றாலும் மனசு முடியவில்லை என்றாலும் அதைச் சொல்ல ஒரு வாயும், கேட்க ஒரு காதும் உங்கள் கூரைக்குக் கீழே எப்போதும் இருக்கட்டும். எந்தப் பின்னறைக் கதவும் வெளியிலிருந்து தாழிடப்படாத வீடாக உங்கள் வீடு வாழட்டும்.